ஆளற்ற சாலையும் ஆளற்ற கதைகளும்

ஓர் இடம் பயமுறுத்துகிறது என்றால் அந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லத் தெரியாதபோது, அல்லது சொல்ல மனமில்லாதபோது, பேய் வந்து சேர்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்து வெஸ்ட் மில்ஃபோர்டில் உள்ள கிளிண்டன் சாலையைப் பற்றி வழங்கும் கதைகள் இதற்கு நல்ல உதாரணம்.

சாலையின் நீளம் சுமார் 10 மைல். இருபுறமும் காடு. வீடுகள் மிகக் குறைவு. அபாயமான ஒரு வளைவின் அருகே பாலம்; அங்கே ஒரு சிறுவனின் ஆவி. நடுநிசியில் காசு போட்டால் திருப்பித் தந்துவிடுவான். எங்கிருந்தோ ஒரு டிரக் தோன்றி, காரைத் துரத்தி, மறைந்துவிடும். காட்டுக்குள் ஒரு கல் கட்டடம். ட்ரூயிட் பூசாரிகள் அங்கே பலி கொடுத்தார்களாம். ஒரு கோட்டை, அதில் சாத்தான் வழிபாடு. இவை போக, இன்ன ஜாதி என்று சொல்ல முடியாத கலப்பு மிருகங்கள்.

இவற்றின் ஸ்தூலமான பக்கம் வேறு. கல் கட்டடம், 1826 வாக்கில் எழுந்த இரும்பு உருக்கும் உலை. கோட்டை, ரிச்சர்ட் கிராஸ் என்ற வங்கி முதலாளி 1905 வாக்கில் கட்டிக்கொண்ட மாளிகை. பின்னால் தீப்பிடித்துப் பாழாகி, 1988இல் இடிக்கப்பட்டது. மிருகங்களுக்கு மூலம், வார்னர் பிரதர்ஸ் கம்பெனி அதே ஊரில் 1972இல் திறந்து 1976இல் மூடிய 'ஜங்கிள் ஹாபிடாட்' என்ற மிருகக் காட்சிப் பூங்கா. ஆக, இரும்பு, செல்வம், கேளிக்கை என்று மூன்று முயற்சிகளின் மிச்சங்கள்.

அந்தத் தனிமையும் இயற்கையானதல்ல. 1880களில் நியூவார்க் நகரம் பஸேயிக் ஆற்று நீரைக் குடித்துக்கொண்டிருந்தது. ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்த நீர், டைஃபாய்ட் பரவியது. 1889இல் ஒப்பந்தமாகி, 1892 முதல் பெக்வானக் மலைப்பகுதியின் நீர் நகரத்துக்கு வந்தது. இன்று அங்கே சுமார் 35,000 ஏக்கர் நிலம், தொலைவிலுள்ள அந்த நகரத்தின் சொத்து. குடிநீர் சுத்தமாக இருக்க வேண்டுமானால் அதன் கரையில் மனிதர்கள் வசிக்கக் கூடாது. கிளிண்டன் என்று ஒரு சிற்றூர் இருந்தது. இப்போது அந்தப் பெயர் சாலைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் மட்டும் இருக்கிறது. இருட்டில் கார் ஓட்டி வருகிறவன் அமானுஷ்யம் என்று உணர்வது, ஒரு நகராட்சி நீர் விநியோகத்தின் விளைவைத்தான்.

பேய் பொய் என்று நிரூபிப்பதல்ல என் நோக்கம். அதற்கு விமர்சனம் தேவையில்லை. என் குறை இலக்கியக் குறை. அந்த நாளைய உலைகள் மரக்கரியில் எரிந்தவை. கரிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. இன்று அடர்ந்து நின்று மிரட்டும் மரங்கள், அந்த உலைத்தீ அணைந்த பிறகு வளர்ந்தவை. இதில் உள்ள அனுபவச் செறிவில் பத்தில் ஒரு பங்குகூட ட்ரூயிட் பூசாரிகளிடம் இல்லை. கதை சொல்கிறவர்கள் கையில் இருந்த பொருளை விட்டுவிட்டு, கடைச் சரக்கை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

வாஷிங்டன் இர்விங்கை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதிக தூரமில்லாத ஹட்ஸன் நதிக்கரையை வைத்து அவர் எழுதிய 'ஸ்லீப்பி ஹாலோ' கதை 1820இல் வந்தது. அங்கும் இரவு, சாலை, பாலம் உண்டு. ஆனால் அந்தத் தலையற்ற குதிரைவீரன் சுதந்திரப் போரில் பீரங்கிக் குண்டுக்குத் தலையைப் பறிகொடுத்த ஹெஸ்ஸியக் கூலிப்படைக்காரன். அவன் பின்னால் ஒரு யுத்தம் இருக்கிறது. பயந்து ஓடும் வாத்தியாரின் பின்னால், ஒரு பணக்காரப் பண்ணைமீதும் அந்த வீட்டுப் பெண்மீதும் அவர் வைத்த ஆசை இருக்கிறது. கிளிண்டன் சாலைச் சிறுவனுக்கோ பெயரில்லை, வருஷமில்லை, பெற்றோர் இல்லை. அவனுக்காக அழ ஒருவரும் இல்லை. வந்துபோகிறவர்கள் உண்டாக்கிய ஆவி அவன். அங்கே வாழ்ந்தவர்களுடையவன் அல்ல.

இக்கதைகளைப் பரப்பியதில் 'வியர்ட் என்.ஜே.' என்ற பத்திரிகைக்குப் பெரும் பங்கு உண்டு. நண்பர்களுக்கு அனுப்பும் சுற்றுமடலாகத் தொடங்கியது அது. ஒரு வகையில் நம் ஜாதி. வாசகர் கடிதங்கள் கதைகளாயின. ஒரு கடிதம் அடுத்த கடிதத்துக்கு இலக்கணமாயிற்று. பார்த்தவன் எழுதியது போய், படித்தவன் பார்க்கத் தொடங்கினான். 1983இல் அந்தச் சாலையருகே ஒரு மனிதனின் உடல் நிஜமாகவே கிடைத்தது. கொலை செய்த ரிச்சர்ட் குக்லின்ஸ்கி 1988இல் தண்டிக்கப்பட்டான். இந்த உண்மையும் கதைப் பட்டியலில் டிரக்குக்கும் மிருகத்துக்கும் பக்கத்தில் இன்னொரு சுவாரஸ்யமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மரணத்தின் கனம் இப்படிக் காணாமற்போவதுதான் எனக்குப் பயத்தைத் தருகிறது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் காசு நல்ல படிமம். அதற்கு விளக்கம் கிடையாது. ஒட்டுப்போட்ட பூசாரி கிடையாது. கொடுத்ததை ஏற்காத ஒரு சாவு. இருப்பவர்கள் தீர்க்க முடியாத ஒரு பாக்கி. கோர்வையற்ற இந்தக் குவியலில் உருவம் பெற்றது இது ஒன்றே.

இதைப் புதுக்கவிதைக்காரர்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'இருள்', 'வெறுமை', 'மௌனம்' என்ற சொற்களை எழுதிவிட்டாலே ஆழம் வந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். வெறுமை தானாக உண்டாவதில்லை. யாரோ காலிசெய்திருக்கிறார்கள், யாரோ காலிசெய்யச் சொல்லியிருக்கிறார்கள், அந்தத் தண்ணீரை யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு கவிதையில் மர்மம் மிஞ்சுமானால், அது அசல்.