மேற்கு ஜன்னலுக்கு ஒரு மோட்டார் திரை

வளசரவாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. ஹாலின் பெரிய ஜன்னல் நேர் மேற்கு பார்த்தது. மதியம் இரண்டரைக்கு மேல் சோபாவில் உட்கார்ந்தால் தோல் சுடும். முன்பு சங்கிலி இழுக்கும் ரோலர் பிளைண்ட் இருந்தது. அம்மாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்ட பிறகு அவரால் அதை இழுக்க முடியவில்லை. ஒருநாள் அக்காவின் இரண்டு வயதுப் பிள்ளை அந்தச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அன்றே கழற்றிவிட்டேன். கடையில் தயாராகக் கிடைக்கும் திரைகளில் நீளக் கயிறு தொங்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2018 டிசம்பரிலேயே தரவிதி வந்துவிட்டது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணமே போதும்.

மோட்டார் திரை என்றதும் எல்லோரும் ஆப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது துணியைப் பற்றி. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் உள்பக்கத் திரை தடுக்கிறது. அடர் நிறத் துணி அந்தச் சூட்டை உறிஞ்சி அறைக்குள்ளேயே விடும். வெளிப்பக்கம் வெள்ளைப் பூச்சு உள்ள துணி கொஞ்சத்தையாவது திருப்பி அனுப்பும். ஹாலுக்கு, நெசவில் 5% திறப்பு உள்ள ஸ்க்ரீன் துணி எடுத்தோம். பகலில் தெரு தெரியும், கண் கூசாது. ஆனால் இரவில் விளக்கு போட்டால் எதிர் வீட்டுக்கு எல்லாமே தெரியும். அதனால் படுக்கையறைக்கு பிளாக்அவுட்.

அடுத்தது அளவு. முதலில் வந்தவர் ஜன்னலின் நடுவில் மட்டும் டேப் பிடித்துக் குறித்துக்கொண்டு போனார். நம் ஊர்ப் பூச்சு எங்கே நேராக இருக்கிறது? மாட்டியபோது மேல் மூலையில் துணி சுவரில் உரசி, இரண்டே வாரத்தில் ஓரம் பிசிறிவிட்டது. மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைத்தான் கொடுக்க வேண்டும். ஜன்னல் கைப்பிடி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

மோட்டார், துணி சுற்றும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. மின்விசிறி ஓடும்போது மோட்டார் சத்தம் கேட்காது. விடியற்காலை அமைதியில் மெல்லிய உறுமல் கேட்கும். நான் வாங்கியது பேட்டரி மாடல். சுவரைக் கொத்த வேண்டாமே என்று நினைத்தேன். முதல் வருடம் ஒருமுறை சார்ஜ் செய்தால் ஐந்து மாதம் வந்தது, இப்போது மூன்று மாதம்தான். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே, மே மாத வெயிலில் தினமும் வேகும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளரத்தான் செய்யும். புது வீடு கட்டுகிறவர்கள், பூச்சு வேலைக்கு முன்பே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி ஜன்னல் மேல் ஒரு பாயிண்ட் வைத்துவிடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு ஒயர் மாடல்தான் சரி.

ஒயர்லெஸ்ஸில் ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று இரண்டு வகையைப் பார்த்துவிட்டேன். ஹாலில் இருப்பது சாதாரண ரேடியோ ரிமோட். ஒருவழிப் பேச்சு என்பதால் திரை எந்த நிலையில் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. இதுவரை தகராறு எதுவும் இல்லை. படுக்கையறையில் ஜிக்பீ என்ற இருவழி ஒயர்லெஸ் முறை. ஹப் ஒன்று தனியாக வேண்டும், ஆனால் திரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று போனில் தெரியும். வைஃபையோடு நேராகப் பேசும் மோட்டார் பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும் என்பதால் அதை நான் எடுக்கவில்லை. எதை வாங்கினாலும் கையில் பிடிக்கும் ரிமோட் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். இன்டர்நெட் போனால் திரை அசையாது என்றால் அது வீட்டுக்கு ஆகாது. அம்மா போன் தேடமாட்டார்.

சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து இயங்கும் வசதிக்குத் தனிக் காசு கொடுக்க வேண்டாம். சென்னையில் வருடம் முழுவதும் அஸ்தமனம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள்தான் முன்பின் ஆகிறது. சாதாரண டைமர் போதும். எங்கள் திரை இரண்டரைக்குத் தானே இறங்குகிறது. வீட்டில் யாரும் இல்லாத நாளிலும் இறங்கிவிடுவதால், சாயங்காலம் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிப்பதில்லை. மோட்டாருக்குக் கொடுத்த பணம் எனக்கு அங்கேதான் திரும்பி வந்தது.

ரிமோட்டின் நடுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், விரும்பிய உயரத்தை அதில் பதித்து வைக்கலாம். அம்மா அதைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் பதித்திருக்கிறார். ஜன்னலோரத் தொட்டியில் இருக்கும் துளசிக்கு மட்டும் வெயில் விழும் அளவு அது.