கல்லறையில் பிறந்த சிறுவன்: 'கெகெகெ நோ கித்தாரோ' குறித்து ஒரு திறனாய்வு

பேய்க்கதை இலக்கியமாகுமா என்னும் வினா தமிழ் வகுப்பறைகளில் எழுவதுண்டு. அச்சமூட்டிப் பொழுதைப் போக்குவதன்றி அதற்கு வேறு பயன் இல்லை எனக் கருதுவோர் பலர். ஆயின், செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்கெனத் தனிப்பகுதியே வகுத்தார். அவற்றின் பசியையும் உறுப்புக் குறைகளையும் நகைச்சுவை ததும்பப் பாடினார். வெற்றியைப் போற்ற எழுந்த நூலில் போரின் கோரத்தைக் கூறும் வாய் பேய்களுக்கே வாய்த்தது. இதனை மனத்திற் கொண்டு நோக்குவார்க்கு, ஜப்பானியரின் புகழ்பெற்ற 'கெகெகெ நோ கித்தாரோ' என்னும் அசைவூட்டுப் படத் தொடர் வெறும் சிறுவர் வேடிக்கையாகத் தோன்றாது.

இத்தொடரின் வேர் தெருக்கலையில் உள்ளது. ஓவிய அட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டிக் கதை சொல்லும் 'காமிஷிபாய்' என்னும் கலையில், கல்லறையிற் பிறந்த சிறுவனின் கதை 1930களிலேயே வழங்கியது. மிசுகி ஷிகெரு என்னும் ஓவியர் 1950களில் அதனைத் தம் கைவண்ணத்திற் புதுக்கினார். 1960இல் வாடகை நூலகங்களுக்குரிய சித்திரக்கதையாக்கினார். பின்னர் வார இதழில் இடம்பெற்ற அக்கதை, 1968 சனவரியில் தோயி நிறுவனத்தின் தயாரிப்பாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. அதன்பின் 1971, 1985, 1996, 2007, 2018 ஆகிய ஆண்டுகளில் புதுத் தொடர்கள் தொடங்கின. ஒரே கதை அரை நூற்றாண்டுக் காலம் தலைமுறைதோறும் மீண்டும் சொல்லப்பட்டிருக்கிறது.

இதன் முதற்சிறப்பு, சிதறிக் கிடந்த வழக்காறுகளுக்கு முகம் கொடுத்தமையாகும். நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ ஊர்தோறும் வழங்கிய அமானுட உயிர்களின் பெயர்களைத் திரட்டினார். அவற்றுட் பல ஓரிரு வரிக் குறிப்புகளே. இரவில் வழியை மறிக்கும் கண்ணுக்குத் தெரியாச் சுவர், பறந்து வந்து முகத்தைச் சுற்றும் வெண்துணி, மணல் தூவும் கிழவி, குழந்தைபோல் அழும் கிழவன் ஆகியவை இவ்வாறு வெவ்வேறு வட்டாரங்களில் வழங்கியவை. மிசுகி இவற்றுக்கு உருவம் வரைந்து, கித்தாரோவின் தோழர்களாக ஒருங்கு சேர்த்தார். இளமையில் தம் ஊரில் ஒரு மூதாட்டி சொல்லக் கேட்ட கதைகளே இதற்குத் தூண்டுகோலாயின. அறிஞரின் ஏட்டில் உறங்கியது மக்களிடம் மீண்டது.

இரண்டாவது சிறப்பு கதைத் தலைவனின் பிறப்பு. இறந்து புதைக்கப்பட்ட தாயின் வயிற்றிலிருந்து மண்ணைக் கீறிக்கொண்டு வெளிவருகிறான் கித்தாரோ. உடல் அழிந்த தந்தையோ ஒரு கண்ணாக மட்டும் எஞ்சி மகனைக் காத்து நிற்கிறார். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணைப் பற்றிய துயரம் ஆசிய மக்கள் பலருக்கும் பொது. மலாய் மக்களின் பொந்தியானாக் கதையும் அத்துயரிற் பிறந்ததே. தமிழ்நாட்டில் அத்தகையவர் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் இருந்தது. ஒரு மரபு அத்தாயை அஞ்சத்தக்கவளாக்கியது. மற்றொன்று அவளுக்காக வழிப்போக்கரின் பாரத்தை இறக்கியது. கித்தாரோ கதையோ அவளுடைய பிள்ளையை வாழ வைக்கிறது. இம்மூன்றையும் ஒப்பிட்டுக் கற்பது மாணவர்க்குப் பயன் தரும்.

மலேசியத் தமிழர் இக்கதையை அணுகுங்கால் ஒரு தடை எழுதல் இயல்பு. சிகாமட், லாபிஸ், சாஆ, யோங் பெங் எனத் தெற்கே நீளும் நெடுஞ்சாலை வழியே 1942 சனவரியில் நேச நாட்டுப் படைகள் பின்வாங்கின. ஜப்பானியப் படை தொடர்ந்து வந்தது. பின்னர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அந்நாட்டின் பேய்க்கதையை எவ்வாறு பாராட்டுவது?

விடை படைப்பாளரின் வாழ்விலேயே உள்ளது. மிசுகியும் அப்போரில் கட்டாயமாகப் படைக்கு அனுப்பப்பட்டவர். நியூ பிரிட்டன் தீவில் குண்டு வீச்சில் இடக்கையை இழந்தவர். சாவதற்கெனவே ஆணையிட்டு அனுப்பப்பட்ட வீரர்களின் அவலத்தை 1973இல் சித்திரக்கதையாக்கித் தம் படைத்தலைமையைச் சாடியவர். அவருடைய கித்தாரோவும் இடக்கண் இழந்தவன். அதனைச் சிதைத்தது பேயன்று, மனிதனின் கை. மனிதரே பேயினும் கொடியர் என்னும் உணர்வு தொடரின் உள்ளே ஓடுகிறது. 1956ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு 2023இல் வெளிவந்த திரைப்படம், போரிலிருந்து மீண்ட ஒருவனைக் கதைக்குள் கொணர்ந்து அவ்வுணர்வை வெளிப்படையாக்கியது.

குறைகளும் இல்லாமல் இல்லை. வாடகை நூலிற் கண்ட கித்தாரோ நன்மை தீமைக்கு அப்பாற்பட்ட விந்தைச் சிறுவன். தொலைக்காட்சி அவனை மானிடரைக் காக்கும் வீரனாக்கியது. தீய பேய் வருதல், கித்தாரோ வெல்லுதல் என்னும் வாய்பாடு பல பகுதிகளில் சலிப்பூட்டுகிறது. அச்சம் குறைந்த அளவுக்கு ஆழமும் குறைந்தது. எனினும் பொருளாசையால் இரு பக்கமும் சாயும் எலி மனிதன் என்னும் பாத்திரம் இவ்வாய்பாட்டை உடைக்கிறது. மனித இயல்பின் உண்மையான படிமம் அவனே.

தமிழிலும் இவ்வாற்றல் இருந்ததற்கு 'அம்புலிமாமா' சான்று. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளம், பழைய இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பின்னும் புதிய கதைகளைச் சொல்லிப் புதிய வினாக்களை எழுப்பியது. ஓவியர் சங்கரின் தூரிகை அதற்கு அழியா உருவம் தந்தது. ஆயின் தோட்டப்புறத் தமிழரின் கதைகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. இரப்பர் காட்டில் இரவுக் காவல் நிற்கும் முனியாண்டி, நிரை எல்லையில் நின்ற மரம், இரயில் பாதைக்குச் சென்று திரும்பாதவரின் குரல் ஆகியவை பாட்டியரின் நாவிலேயே தங்கின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபோது, கோயில்கள் சிலவேனும் உடன் வந்தன. கதைகளோ பெரும்பாலும் வரவில்லை.

யானகிதா திரட்டியிராவிடின் மிசுகிக்கு வரைவதற்குப் பொருள் குறைந்திருக்கும். திரட்டுதல் முதற்பணி, படைத்தல் அடுத்த பணி. சாஆ போன்ற சிற்றூர்களில் தோட்ட வாழ்வை நினைவிற் கொண்ட முதியோர் இன்றும் உளர். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியவரிடம் ஒரு கதையேனும் கேட்டு, சொன்னவர் சொல்லிலேயே எழுதிக்கொள்வானாயின் முதற்பணி தொடங்கிவிடும். பேய்க்கதை இலக்கியமாகுமா என்னும் வினாவிற்கு அவ்வேடுகளே விடை கூறும்.