போர்வைக்குள் ஒரு லாரி

கதைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிச் சொல்லியே விரோதிகளைச் சம்பாதித்துக்கொண்டவன் நான். ஒரு லாரியைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல நேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பழைய டாட்டா–மெர்சிடிஸ் பென்ஸ் லாரி ஒன்றை வாங்கிப் புதுப்பித்திருந்தார். 1954-இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்–பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் கட்டத் தொடங்கிய வம்சம் அது. கூட்டு 1969-இல் முடிந்துவிட்டது. ஆனால் வண்டியின் நீண்ட மூக்கின்மேல் அந்த மூன்று முனை நட்சத்திரம் இன்றும் இருக்கிறது.

"நீர் நாவலுக்கு விமரிசனம் எழுதுகிறவர். இதையும் ஒரு தரம் வாசித்துப் பாரும்" என்றார் நண்பர்.

வாசித்தேன். வெளிப்புறத்தில் குறையில்லை. கதவைத் திறந்தால்தான் திகைப்பு. தரையிலும் கதவிலும் எஞ்சின் சுவரிலும் ஓரங்குலப் பஞ்சுப் பாய்; அதன்மேல் சிவப்புப் பட்டுப்போன்ற கம்பளம். லாரிக்குள் ஏறுகிறோமா, கல்யாண மண்டபத்தின் மணமகள் அறைக்குள் நுழைகிறோமா என்ற சந்தேகம் வந்தது. நகரத்துப் பட்டறை ஒன்றில் செய்த வேலையாம்.

சேலத்துக்கு இறங்கினோம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இறங்குகிற பாதை. கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஓட்டியவர் இதே ஜாதி லாரிகளை முப்பது வருஷம் ஓட்டிய பெரியவர். சேர்வராயன் மலைக் குளிரிலும் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார்.

"கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாமே, அண்ணே?"

"ஏத்தினா வண்டி என்ன சொல்லுதுன்னு கேக்காதுங்க. பஞ்சு மூட்டைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்குதுங்க."

இறக்கத்தில் லாரியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டுமல்ல. குறைந்த கியரில் எஞ்சினும் சேர்ந்து பிடிக்கிறது. அது சரியாகப் பிடிக்கிறதா என்பதை ஓட்டுபவர் குரலின் ஏற்ற இறக்கத்தில் அறிகிறார். பிரேக்கின் கிறீச்சொலி, தளர்ந்த ஆணியின் கிணுகிணுப்பு எல்லாம் அவருக்குச் செய்திகள். கம்பளமும் பஞ்சும் உறிஞ்சுவது பெரும்பாலும் இத்தகைய மெல்லிய உச்சக் குரல்களைத்தான். ஆளைக் களைக்கச் செய்யும் அடிவயிற்று உறுமலை அவை அதிகமாக ஒன்றும் செய்வதில்லை. ஆகவே பட்டறைக்காரர் செய்தியை அடக்கிவிட்டு இரைச்சலைத் தங்கவைத்திருந்தார்! சில பதிப்பாசிரியர்கள் கையெழுத்துப் பிரதியில் செய்கிற வேலையும் இதுவே.

அடிவாரம் கடந்து ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு கண்ணில் பட்டது. 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்தாபனம். படம் பிடிக்கும் கூடங்களில் வெளிச் சத்தத்தைத் தடுத்து, சுவர்களின் எதிரொலியைக் கொல்வார்கள். மௌனத்துக்காக அல்ல, ஒரு குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. லாரியிலும் நோக்கம் அதுவாகத்தானே இருக்க வேண்டும்?

சேலத்தில் கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு மழைக்காலத்து மூடுபனியும் ஈரக்கால்களும் கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் பஞ்சுக்குள் குடியிருந்தது. கீழே தகடு துருவேறி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது.

"எல்லாவற்றையும் பிடுங்கி எறியும். வெறுந்தகடே அழகு. பழைய வண்டியின் சங்கீதத்தைக் கேட்க வேண்டும்" என்று நான் தீர்ப்புக் கூறினேன்.

பெரியவர் சிரித்தார். "உங்களுக்கு ஒரு நாள் சங்கீதமுங்க. எனக்கு அது முப்பது வருஷமா காதைத் தின்ன பிசாசுங்க. பேரப்பிள்ளை பேசறது பாதி விளங்கறதில்லீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் தினம் எட்டு மணி நேரம் வருஷக்கணக்கில் இருந்தால் செவி கெடும் என்பது தெரிந்த விஷயம். அந்தச் செவிடு முதலில் பறிப்பதும் உச்சக் குரல்களையே: பிரேக்கின் கிறீச்சொலியை, குழந்தையின் பேச்சை. அவர் தலையை வெளியே நீட்டியதற்குக் கம்பளம் பாதிக் காரணம்; வெறுந்தகடு மறுபாதிக் காரணம். பழமையின் சத்தத்தை ரசிக்கச் சொல்பவன், அதற்குக் காதைக் கொடுத்தவனைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பதிப்பு பெரியவரின் மேற்பார்வையில் நடந்தது. துருவைச் சுரண்டி, ஓட்டைத் தகட்டை மாற்றி, பிரைமர் அடித்தார்கள். பறைபோல் அதிரும் இடங்களில் மட்டும், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு, அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் பட்டையை உருளையால் அழுத்தி ஒட்டினார்கள். தண்ணீர் வடியும் துவாரங்களை மூடவில்லை. எஞ்சின் சுவருக்கு நீர் உறிஞ்சாத நுரைப்பாய். அதன்மேல் கனத்த வினைல் பாய். சத்தத்தைத் தடுப்பது கனம்தான், மென்மையல்ல. பெடல்களும் கியர்த்தண்டும் நுழையும் சந்துகளுக்கு ரப்பர் உறை போட்டார்கள். சிறு சந்து இருந்தாலும் சுவர் கட்டிய பலன் போய்விடும். சத்தம் தண்ணீரைப் போல வழி தேடிக்கொள்ளும்.

கம்பளத்துக்குப் பதில், கிளீனர் பக்கத்தில் மட்டும் பவானி ஜமக்காளம். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற, அடர்வண்ணக் கோடுகள் ஓடும் அதே பருத்தி நெசவு. காகிதத்தில் அளவு வெட்டிப் பார்த்து, பித்தளைப் பொத்தான்களால் மாட்டியிருக்கிறது. நனைந்தால் கழற்றி வெயிலில் போடலாம். பெடல்களின் கீழே துணியே இல்லை. வழுக்காத ரப்பர் பாய் மட்டும்.

குறை இல்லையா? உண்டு. கூரையை விட்டுவிட்டார்கள், மழை பெய்தால் உள்ளே பேச முடியாது. ஜமக்காளத்தின் கோடுகள் வண்டியின் நிறத்தோடு சண்டை போடுகின்றன. இரண்டையும் நண்பரிடம் சொல்லிவிட்டேன். அவர் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

மறுபடி இறங்கும்போது உறுமல் தணிந்திருந்தது. எஞ்சினின் குரல் மட்டும் கியருக்குக் கியர் துலக்கமாக ஏறி இறங்கியது. ஒரு வளைவில் பெரியவர் கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றினார், கால்வாசியை விட்டுவைத்தார்.

"இதுக்கு மேல ஏத்த மாட்டேனுங்க" என்றார்.

இவ்வளவு தேர்ந்த விமரிசனத்தை நான் எழுதியதில்லை.