வம்சாவளியில் விடுபட்டவள்

பாளையக்காரர் வம்சாவளிகள் சிலவற்றைப் படித்தாலே அவற்றின் அமைப்பு பிடிபட்டுவிடும். மூதாதை ஒருவர் அரசருக்காகப் போருக்குப் போகிறார். பட்டமும் நிலமும் பெறுகிறார். பிறகு அவர் மகன், மகனின் மகன் என்று பட்டியல் நீள்கிறது. பெண்கள் பெரும்பாலும் மகனைப் பெற்றவர்களாக மட்டுமே வந்து போகிறார்கள்.

இதை அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. காலின் மெக்கன்சி தம் இந்திய உதவியாளர்களைக் கொண்டு திரட்டிய சுவடிகளில் இத்தகைய வம்சாவளிகள் நிறைய உண்டு. அது கம்பெனி பாளையங்களை ஒடுக்கி, 1802இல் நிரந்தர நிலவரி ஏற்பாட்டைச் சட்டமாக்கிய காலம். எந்தக் குடும்பத்துக்கு நிலம் நிற்கும், எதற்குப் போகும் என்ற கேள்வி எங்கும் இருந்தது. ஆகவே வம்சாவளியை வரலாறாக மட்டுமல்ல, ஒரு மனுவாகவும் வாசிக்க வேண்டும். 'எங்கள் முன்னோர் வாள் பிடித்தார், எனவே இந்த மண் எங்களுடையது' என்பதுதான் அந்த மனு. அங்கே வாள் மட்டுமே சான்று. படைக்குப் போனவரின் வீட்டையும் வயலையும் காத்த உழைப்பு சான்றாகாது.

பள்ளிப்பட்டில் இருந்துகொண்டு ஒரு பெண் தன் தாய்வழியைத் தேடினால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். கார்வேட்டிநகரம் ஜமீன் பரந்திருந்த வட்டாரம் இது. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்ததால், பழைய ஆவணங்களுக்கு எல்லை தாண்ட வேண்டும். தமிழும் தெலுங்கும் கலந்த ஊர். தெலுங்கு பேசும் வீடுகளில் திருமணமானதும் பெண்ணின் இன்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர், மாறிவிடுகிறது. தமிழ் வீடுகளில் அப்பாவின் முதலெழுத்துப் போய்க் கணவருடையது வருகிறது. மகனைத் தேட ஒரு பெயர் போதும். மகளைத் தேட அவள் எந்த வீட்டுக்குப் போனாள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பட்டியல் சொல்வதில்லை.

பெண்ணே வாளெடுத்தால் நிலைமை மாறுமா? கணவர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பின், படை திரட்டி 1780இல் சிவகங்கையை மீட்டவர் வேலு நாச்சியார். 1801இல் மருதுபாண்டியரை ஒழித்த கம்பெனி, கௌரிவல்லபரை ஜமீன்தாராக்கியது. 1829இல் அவர் ஆண் வாரிசின்றி இறந்ததும் அண்ணன் வழி ஆண்கள் உரிமை கோரினார்கள். மகள் காத்தம நாச்சியார் விடாமல் வழக்காடினார். 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. காரணத்தைக் கவனியுங்கள்: ஜமீன் குலவழியாக வந்த சொத்து அல்ல, கம்பெனி கௌரிவல்லபருக்குக் கொடுத்த தனிச் சொத்து, ஆகவே மனைவிக்கும் பிறகு மகளுக்கும் போகலாம். பெண் படை நடத்திய அதே மண்ணில், குலத்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்ட பிறகே ஒரு மகளுக்குப் பங்கு கிடைத்தது. வீரப்பெண்ணை வணங்குவது வேறு, மகளை வாரிசாக ஏற்பது வேறு.

அமெரிக்காவில் இதற்கு ஓர் ஒப்பீடு உண்டு. சுதந்திரப் போரில் பங்கேற்றவரின் வழிவந்தவர்கள் என்று நிரூபிக்கும் ஆண்களின் சங்கம் பெண்களைச் சேர்க்க மறுத்தது. பெண்கள் 1890இல் தங்களுக்கெனச் சங்கம் தொடங்கினார்கள். அங்கும் அளவுகோல் போர்தான். ஆனால் அவர்கள் சான்று தேடும் இடங்களில் ஒன்று, போர்வீரர்களின் விதவைகள் ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த விண்ணப்பங்கள். திருமணத்தை நிரூபிக்க, பிறப்பும் மணமும் குறித்த குடும்ப பைபிளின் தாள்களையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. ஆண்களின் வீரத்துக்குத் தேதி கொடுத்தது பெண்களின் நினைவும் கையெழுத்தும்.

இன்று குடும்ப வரலாறு அச்சிடும் ஆர்வம் நம்மிடமும் பெருகியிருக்கிறது. அவற்றில் பல, ஜாதிப் பெருமைக்குப் புதிய பட்டயம் தேடுகின்றன. பெண்கள் பெயரை இடையில் செருகுவதால் மட்டும் அது சரியாகிவிடாது. ஒவ்வொரு ஆண் பெயருக்கும் பக்கத்தில் சில கேள்விகள் வேண்டும்: அவர் படைக்குப் போனபோது கழனியை யார் பார்த்தார்கள்? மனைவி எந்த ஊரிலிருந்து வந்தாள், அவள் தாயின் பெயர் என்ன? பரிசாக வந்த அந்த நிலத்தில் அதற்கு முன் யார் உழுதார்கள்? பாட்டிகள் இருக்கும்போதே இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.