கண்டாங்கியின் நிறம் என்ன? காரைக்குடி இணையக் கடைகள் பற்றி

செட்டிநாட்டுப் பொருள்களை விற்கும் இணையதளங்களில் படங்களுக்குக் குறைவில்லை. தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கி என்று எல்லாம் கண்ணைப் பறிக்கும். என் குறையே அதுதான். கண்ணை மூடிக்கொண்டால் கடையில் ஒன்றுமே இல்லை.

என்விடிஏ என்கிற இலவசத் திரைவாசிப்பானைப் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, சில சேலைக் கடைகளின் பக்கங்களைக் கேட்டுப் பார்த்தேன். சேலை வரவேண்டிய இடத்தில் கேமரா கொடுத்த கோப்பு எண்தான் வருகிறது. பிறகு விலை. எதற்கு விலை என்று தெரியாது. அடுத்து "பட்டன்", மறுபடி "பட்டன்". எது வாங்க, எது நீக்க? சொந்தச் சம்பளத்தில் பிடித்த நிறத்தில் சேலை எடுக்க நினைக்கும் பார்வையற்ற டீச்சர் ஒருவர், பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துத்தான் வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் நேரில் போனால் கடைக்காரர் வாய் ஓயாது. "ஆச்சி, இது கடுகு மஞ்சள், உள்ள கருப்புக் கட்டம், பார்டர் நல்ல அகலம், துவைக்கத் துவைக்க மெத்துன்னு வரும்"னு சொல்லிக்கொண்டே விரிப்பார். படத்துக்கான மாற்று உரை என்பது அந்த ஒரு வாக்கியம்தான். தளம் செய்து கொடுப்பவர் அதைக் கேட்டு எழுதுவதில்லை.

பலகாரக் கடைகள் இன்னும் மோசம். முறுக்கு, சீப்புச் சீடை, மணகோலம், விலை, போன் நம்பர் எல்லாம் ஒரே போஸ்டர் படத்துக்குள். அபூர்வமாகத் தமிழ் எழுத்தாகவே இருந்தாலும், நிரலில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறித்திருப்பார்கள். ஆங்கிலக் குரல் தமிழைப் படித்தால் எப்படி இருக்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, சேவை தருகிற தனியாரையும் சேர்த்தே பேசுகிறது. விதிகள் வந்து இரண்டு வருடத்துக்குள் என்பது கெடு. விதிகள் வந்தது ஜூன் 2017ல். ஆனால் இணையதளத்துக்கு அந்த விதிகள் காட்டிய அளவுகோல் அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி. நவம்பர் 2024ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டாயமில்லாத வழிகாட்டிகளை நம்பியிருந்த 15(1)ஆம் விதியையே செல்லாது என்றது. ஏப்ரல் 2025ல் இன்னொரு தீர்ப்பு, டிஜிட்டல் அணுகலை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்தது. இதெல்லாம் டெல்லியில். காரைக்குடியில் முறுக்கு விற்பவரிடம் யார் வந்து சொன்னார்கள்?

இந்த இடைவெளியில் "ஒரு வரி கோட் ஒட்டுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று விற்பவர்கள் நுழைவார்கள். அப்படி விளம்பரம் செய்த ஆக்சஸிபீ நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது. கடுகு மஞ்சளா, குங்குமச் சிவப்பா என்று அந்த ஒரு வரிக்குத் தெரியாது. நெய்தவருக்கும் விற்பவருக்கும் தெரியும்.

ஐம்பது சேலை உள்ள கடைக்கு ஐம்பது வாக்கியம், ஒரு மத்தியான வேலை. படம் எடுக்கும்போதே கடைக்காரரை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னால், வீட்டுப் பிள்ளைகள் யாராவது டைப் அடித்துவிடுவார்கள்.