நடைபாதையில் நாட்டும் ஒளித்திரை

வியாபாரி தன் சரக்கின் சிறப்பை ஊருக்கு அறிவிப்பது குற்றமன்று. இலங்கை மலைநாட்டின் ராகலை போன்ற ஒரு டவுனின் கடைவீதியில், அடகுக்கடையின் நெற்றியில் ஓடும் சிவப்பெழுத்துப் பலகையும், மருந்துக்கடை வாசலில் மினுங்கும் பச்சைச் சிலுவையும், அந்தந்தக் கடைக்காரர் தமக்குரிய இடத்தில், தாமே மின்கட்டணம் செலுத்திச் செய்துகொள்ளும் காரியங்கள். அவற்றை ஆட்சேபிக்க எவருக்கும் நியாயமில்லை. ஆனால், ஜனங்கள் நடப்பதற்கென்று பொதுப்பணத்தில் அமைத்த நடைபாதையில் தூணொன்றை நாட்டி, கணத்துக்கொரு படம் மாறும் மின்திரையை அதிலே பொருத்தி, அவ்விடத்தில் கடையே இல்லாத ஒரு கம்பெனியின் பொருளைப் பாதசாரியின் கண்ணுக்குள் வலிந்து செலுத்தும் வழக்கம் முற்றிலும் வேறானது. பெருநகரங்களில் பரவிவரும் அவ்வழக்கத்தை, மலைநாட்டு டவுன்களில் அது வேரூன்றுமுன்பே எதிர்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எதிர்ப்பவன் முதலில் அதன் பிரயோஜனத்தை மனமார எடைபோட வேண்டும். அவ்வழக்கத்தின் மிகச் சிறந்த உருவம் நியூயோர்க் நகரத்தின் லிங்க்என்வைசி. பழுதுற்ற பழைய தொலைபேசிக் கூண்டுகள் நின்ற இடங்களில், 2016 ஜனவரி முதல், இருபுறமும் 55 அங்குலத் திரைகொண்ட தூண்கள் எழுந்தன. இலவச இணையமும், உள்நாட்டில் எங்கும் இலவசமாகப் பேசும் வசதியும், கைப்பேசிக்கு மின்னேற்றும் சௌகரியமும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் கிட்டின. செலவு முழுவதையும் விளம்பரமே ஏற்கும் என்றார்கள். சிறு உபகாரமன்று அது. ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரிலேயே, வீடற்றோர் சிலர் தூண்களின் அருகே நெடுநேரம் தங்கி இணையம் பார்க்கிறார்கள் என்ற முறைப்பாடு எழுந்தபோது, நீக்கப்பட்டது அத்தூணிலிருந்த இணைய உலாவி. விளம்பரத் திரைகள் இரண்டும் ஓடிக்கொண்டேயிருந்தன. 7,500 தூண்கள் என்று பேசிய திட்டம் ஐந்தாண்டு கழிந்தும் இரண்டாயிரத்தை எட்டவில்லை. எழுந்தவற்றிலும் பெரும்பகுதி விளம்பரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் மன்ஹட்டனிலேயே குவிந்தது. சேவையும் விளம்பரமும் ஒரே தூணில் குடியிருந்தால், நெருக்கடி வரும்போது வெளியேற்றப்படுவது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமோ?

நம் பக்கத்தில் இத்திரைகளுக்குச் சொல்லத்தக்க வலுவான நியாயம் மண்சரிவு எச்சரிக்கை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் பஸ் தரிப்பிடத்தருகே பெரிய எழுத்தில் காட்டலாமே என்று கேட்பவரை நான் அலட்சியம் செய்யேன். லயத்துக்குப் பின்னாலேயே மலைச்சரிவு நிற்கும் நுவரெலியா மாவட்டத்தில் உயிர்களைப் பற்றிய கேள்வி அது. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இம்மலைகளை உலுக்கியபோது, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேர அற்றுப்போயின என்பதை நாம் மறந்துவிடலாகாது. வேண்டிய வேளையில் இருளடைந்துபோகும் திரையை நம்பி, வேண்டாத வேளையெல்லாம் விளம்பரத்தைச் சகித்திருப்பது என்ன கணக்கு? ஒலிபெருக்கியும், வீடு வீடாகச் சென்று சொல்லும் ஆளும், அச்சமயத்தில் அதைவிட நம்பத்தக்கவை.

வருமானம் என்பது அடுத்த வாதம். பிரதேச சபைகள் பணமின்றித் தவிக்கின்றன என்பது மெய்யே. ஆனால் அனுமதிக் கட்டணத்தில் ருசிகண்ட அதிகாரம் அளவுகோலைக் கைநழுவ விடுகிறது. 2024 மே 13ஆம் திகதி மும்பையின் காட்கோபரில் புயற்காற்றில் சாய்ந்து 17 பேரைக் கொன்ற விளம்பரப் பலகை, நாற்பதடிக்கு நாற்பதடி என்ற வரம்பிருந்த நகரத்தில் நூற்றிருபதடிக்கு நூற்றிருபதடியாக எழுந்து நின்றது. மின்திரையல்லாத வெறும் பலகைதான் அது; எனினும், விதி வகுத்து அனுமதித்தால் போதும் என்போர் அதைச் சிந்திக்கவேண்டும். 2022 மார்ச்சில் மின்சாரத்தைச் சேமிக்கத் தெருவிளக்குகளையே அணைத்த நாடு நம்முடையது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இனி, திரை நிற்கப்போகும் இடத்தைப் பார்ப்போம். மலைநாட்டு டவுனில் நடைபாதை என்பது பெரும்பாலும் கானின் மேல் மூடிய சிமெந்துப் பலகைதான். சம்பள நாள் மாலையில், அரிசிப்பையைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலும் சுமந்துவரும் தோட்டத்துப் பெண், அங்கே தூணொன்று நின்றால் ரோட்டில்தான் இறங்கவேண்டும். ரோட்டிலோ மரக்கறி லொறி வளைவில் திரும்புகிறது. மூடுபனி இறங்கிவிட்டாலோ, திரையின் ஒளி பனியெங்கும் வெண்மையாகப் பரந்து, சாரதியின் கண்ணிலிருந்து அவளை மறைத்துவிடும். அத்திரையில் அவளுக்குக் காட்டப்படுவது என்ன? பெரும்பாலும் தங்க நகைக் கடன், லீசிங் முச்சக்கரவண்டி, தவணைமுறைக் கைப்பேசி. தோட்டத்து நாட்சம்பளத்தை நம்பி வாழ்பவரின் முன் இந்த ஆசைகளை அனுதினமும் நிறுத்துவதை வெறும் தகவல் என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை. பத்திரிகையை மடித்துவைக்கலாம், வானொலியை நிறுத்தலாம். வீட்டுக்குப் போகும் ஒரே வழியை எப்படித் தவிர்ப்பது? புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரமே கூடாதென்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தடுத்த நாட்டில், ஜனங்களின் கண்ணுக்குக் காவல் வேண்டும் என்பது புதுமையான கோரிக்கையும் அன்று.

பிரேஸிலின் சாவோ பாவுலோ நகரம் 2007 தொடக்கத்திலிருந்து தெருவோர விளம்பரப் பலகைகளை அடியோடு அகற்றியது. கடைகளின் பெயர்ப்பலகைக்கு மாத்திரம் அளவு வகுத்து இடம் கொடுத்தது. வியாபாரம் அழியும் என்ற கூக்குரல் எழுந்தது; வியாபாரம் அழியவில்லை. பிற்காலத்தில் பஸ் தரிப்பிடங்களிலும் தெருக்கடிகாரங்களிலும் விளம்பரம் திரும்பி வந்தது உண்மை. தடையை ஒருமுறை விதித்தால் போதாது, காக்கவும் வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. பல்லாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் தூணைப் பிடுங்குவது நஷ்டஈட்டு வழக்கில் முடியும். ஆகவே நமது பிரதேச சபை இப்போதே, கடைமுகப்பில் அந்தக் கடையின் பலகைக்கு மட்டும் அனுமதி, பொது நடைபாதையில் எவ்வித விளம்பரத் திரைக்கும் இடமில்லை என்று தீர்மானம் நிறைவேற்றி, மூன்று மொழிகளிலும் அதை வெளியிடவேண்டும்.