போல்ட் உள்ளே விழுந்தால் இனிப் பதற்றம் இல்லை

ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளையர், டெஸ்டர் மூன்றும் இல்லாத வீடு அபூர்வம். இவற்றோடு நான்காவதாக ஒன்று எல்லா வீட்டிலும் இருந்தே ஆக வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேக்னெட்டிக் பிக்கப் டூல். 'மேக்னட் ஸ்டிக்' என்று கேட்டாலும் கடையில் எடுத்துத் தருவார்கள். சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாகச் செருகிக்கொள்ளலாம். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல் மாதிரி இழுக்க இழுக்க நீளும். முக்கால் சாண் இருப்பது இரண்டடி வரை போகும். நுனியில் சின்னதாக ஒரு காந்தம். கொஞ்சம் பார்த்து வாங்கினால் அந்தக் காந்த வளையத்தின் நடுவிலேயே எல்இடி விளக்கும் இருக்கும். அவ்வளவுதான் பொருள். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் அது செய்து கொடுக்கிற காரியம் இருக்கிறதே, அதற்கு விலையே கிடையாது!

கை நழுவுகிற சாமான் என்றைக்காவது கைக்கு எட்டுகிற இடத்தில் விழுந்திருக்கிறதா? பீரோ சாவி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்தான் போகும். தையல் மெஷின் ஊசி பாபின் பெட்டிக்குள் போகும். காரில் சில்லறை விழுந்தால் சீட்டுக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் இருக்கிற அந்த ஒரு விரல் சந்துக்குள்தான் விழும். அங்கே கையை விட்டால் டார்ச்சைக் காட்ட முடியாது. டார்ச்சைக் காட்டினால் கையை விட முடியாது. இந்தக் கோல் இரண்டையும் ஒரே நுனியில் வைத்திருக்கிறது. வெளிச்சம் எங்கே போகிறதோ அங்கேயே பிடியும் போகிறது. இதை யோசித்துச் செய்தவர் யாராக இருந்தாலும் அவர் கைக்கு ஒரு கும்பிடு.

இதன் அருமையை நான் முழுசாகப் புரிந்துகொண்டது எங்கள் தெரு மெக்கானிக் கடையில். என் 150 சிசி பைக்குக்கு டைமிங் செயின் மாற்றிக்கொண்டிருந்தார் அண்ணன். புது செயினைப் பொருத்தி, கேம் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி போல்ட்டை விரலால் ஏற்றும்போது எண்ணெய்ப் பிசுக்கில் அது நழுவி செயின் ஓடுகிற குழிக்குள் போய்விட்டது. 'டொக்... டொக்' என்று இரண்டு சத்தம், அப்புறம் அமைதி. அண்ணன் முகம் வாடிவிட்டது.

"தம்பி, கீழே மேக்னெட்டோ பக்கம் இறங்கிடுச்சு. ஆயிலை வடிச்சு கவரைக் கழட்டணும், பேக்கிங் புதுசா போடணும். வண்டி இன்னிக்குக் கிடைக்காது."

"அண்ணே, அஞ்சு நிமிஷம் கொடுங்க" என்று பையிலிருந்து கோலை எடுத்தேன்.

குழிக்குள் விளக்கைக் காட்டியதும் எண்ணெய் பூசிய சுவர் பளபளத்தது. கீழே, செயினுக்குப் பின்னால், போல்ட்டின் அறுகோணத் தலை ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. இங்கேதான் வேலையின் நுணுக்கமே. எஞ்சின் ஹெட்டும் பிளாக்கும் அலுமினியம். அவற்றில் காந்தம் ஒட்டாது, கோல் தாராளமாக இறங்கும். ஆனால் செயின் உருக்கு. பக்கத்தில் போனதும் காந்தம் ஆசையாக அதன்மேல் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் மறுபடியும் ஒட்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. காந்தத்தின் பக்கவாட்டில் மட்டும் இன்சுலேஷன் டேப்பை நன்றாகத் தடிமனாகச் சுற்றிவிட வேண்டும், முகத்தைத் திறந்து விட்டுவிட வேண்டும். டேப்பின் தடிமன் அளவுக்கு இடைவெளி கிடைத்தாலே பக்கவாட்டுப் பிடி பாதி தளர்ந்துவிடும். அப்படிச் சுற்றி, செயினை ஒரு விரலால் ஓரமாக ஒதுக்கி, அலுமினியச் சுவரை ஒட்டியே கோலை இறக்கினேன்.

'டிக்.'

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். காதுக்கு வருவதற்கு முன்னால் விரலுக்கு வந்துவிடும். உடனே வெடுக்கென்று இழுக்கக் கூடாது. போல்ட் குறுக்குவாட்டில் ஒட்டியிருந்தால் செயின் கைடின் ரப்பரில் இடித்து மறுபடி விழும். கோலை விரல்களுக்கு நடுவில் மெல்ல உருட்டி, போல்ட் நேராகத் திரும்பியதும் நிதானமாக மேலே கொண்டுவர வேண்டும். வந்தது! எண்ணெய் சொட்டச் சொட்ட, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. அண்ணன் போல்ட்டைப் பார்க்கவில்லை, கோலைத்தான் பார்த்தார். "எங்க தம்பி வாங்கினே?" என்று அப்போதே கேட்டார். இப்போது அவர் கடையின் டூல் போர்டில் அதற்கென்று தனி ஆணி இருக்கிறது. வால்வு லாக் தெறித்து ஓடினாலும், மேக்னெட்டோவின் சாவி, அந்த அரைவட்டத் துண்டு, கழன்று விழுந்தாலும், பிஸ்டன் பின்னின் சர்க்லிப் குதித்தாலும் முதலில் கை போவது அங்கேதான்.

பிரிக்காமல் எடுப்பது, அதுதான் இதன் மகிமை. எஞ்சினைப் பிரித்தால் பேக்கிங் செலவு, ஆயில் செலவு, கூலி. எல்லாவற்றுக்கும் மேலே, நன்றாக இருந்த ஒன்றை அநாவசியமாகக் கலைக்கிறோம். அந்த மொத்தப் பாடும் ஒரு கோல் நுனியில் மிச்சமாகிறது.

இவ்வளவு சின்னக் காந்தத்துக்கு இவ்வளவு பிடி எப்படி வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு இதன் மேலிருந்த பிரியம் இன்னும் கூடிவிட்டது. நாங்கள் சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த கறுப்புக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்து விளையாடுவோம். உள்ளங்கை அளவு இருக்கும், இழுப்பு சுமார்தான். அது ஃபெரைட். இந்தக் கோலில் இருப்பது நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம். அதற்கு முன்னால் பலமான காந்தம் என்றால் சமாரியம் கோபால்ட்தான். 1978இல் ஆப்பிரிக்காவின் ஜயரில், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், கோபால்ட் சுரங்கங்கள் இருந்த பகுதியில் சண்டை மூண்டதும் கோபால்ட் விலை எகிறியது. மலிவான இரும்பை வைத்தே செய்ய முடியாதா என்று உலகமே தேடியது. ஜப்பானின் சுமிட்டோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸில் மசாடோ சகாவா 1982இல் அதைச் செய்துகாட்டினார். அதே சமயத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட் வேறு வழியில் அதே சேர்மத்துக்கு வந்து சேர்ந்தார். சகாவாவுக்கு 2022இல் பிரிட்டனின் குயீன் எலிசபெத் பொறியியல் பரிசு கிடைத்தது. மின்சார வாகன மோட்டார்களிலும் காற்றாலைகளிலும் சுழல்கிற அந்த மகா கண்டுபிடிப்பின் ஒரு துளி என் சட்டைப் பையில் இருக்கிறது என்று நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

கோலோடு வருகிற அட்டையில் இத்தனை கிலோ தூக்கும் என்று போட்டிருப்பார்கள். அது தட்டையான, தடித்த இரும்புத் தகட்டில் முகம் முழுக்கப் படிந்து, நேராக இழுக்கும்போது உள்ள கணக்கு. உருண்டையான போல்ட் தண்டில் காந்தத்தின் ஒரு கோடுதான் தொடும். பிடி அதில் ஒரு பங்குதான் வரும். கொஞ்சம் எண்ணெயோ, கொஞ்சம் துருவோ நடுவில் வந்தால் இன்னும் குறையும். போல்ட், வாஷர், ஆணி, சாவிக்கு அது போதும், போதும்!

எது ஒட்டும், எது ஒட்டாது என்று சோதித்துப் பார்ப்பது தனி சுகம். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இதுதான் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஸ்டீல் ஒரு ரூபாய் நாணயம் டக்கென்று ஒட்டும். பழைய கனமான குப்ரோ-நிக்கல் ஒரு ரூபாய் யார் பெட்டியிலாவது இருந்தால் அது ஒட்டாது. நிக்கல் இருந்தும் அதில் செம்புதான் அதிகம். எவர்சில்வர் கரண்டிகளில் சில ஒட்டும், சில ஒட்டாது. நிக்கல் சேர்த்த நல்ல 304 ரக எவர்சில்வர் பெரும்பாலும் காந்தத்துக்கு அசையாது. அதனால் எவர்சில்வர் ஸ்க்ரூ விழுந்தால் இந்தக் கோல் கைகொடுக்காமல் போகலாம். பித்தளை, செம்பு, அலுமினியம், தங்கம், வெள்ளி எதற்கும் இது அசையாது. வாஷ்பேசினில் கம்மல் திருகாணி விழுந்தால் காந்தத்தை நம்பாதீர்கள்.

அந்தத் திருகாணிக்கும் ஒரு வழி இருக்கிறது. இதே குடும்பத்தில் இன்னொரு கோல் வருகிறது. சுருள் கம்பியால் ஆன வளைகிற தண்டு, நுனியில் நான்கு கம்பி விரல்கள். பின்னால் இருக்கிற பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல்கள் வெளியே வந்து மலரும், விட்டால் மூடிக்கொள்ளும். சில மாடல்களில் அந்த விரல்களுக்கு நடுவிலேயே காந்தமும் விளக்கும் சேர்ந்தே இருக்கும். என்னைக் கேட்டால் வீட்டுக்கு இதுவும் வேண்டும். இரும்புக்கு நீளுகிற காந்தம், மற்றதற்கு விரல் கோல். இரண்டையும் வாங்க முடிந்தால் இரண்டையும் வாங்குங்கள்.

நம் ஊருக்கு இந்த யோசனை புதிதே இல்லை. கிணறு இருந்த வீடுகளில் பாதாளக் கரண்டி இருந்தது. ஒரு இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள். அதைத் தாம்புக்கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கித் துழாவினால் விழுந்த வாளியும் குடமும் மாட்டிக்கொண்டு வரும். பித்தளைக் குடம் காந்தத்துக்கு மசியாது, கொக்கிக்கு மசியும். எல்லா வீட்டிலும் அது இருக்காது. ஊரில் சில வீடுகளில்தான். இரவல் கேட்டு வருகிறவர்கள் ஈடாக ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு எடுத்துப்போவது பல ஊர்களில் வழக்கம். தண்ணீருக்கு அடியில் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. கயிற்றின் கனத்தை வைத்தே 'மாட்டிடுச்சு' என்று சொல்லிவிடுவார்கள். அந்த விரல் ஞானம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு இந்தக் கோலைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

இன்னும் ஆச்சரியமான உறவுகள் இதற்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் ஓட்டோ ஹாப் என்ற கண் மருத்துவர் கண்ணுக்குள் பாய்ந்த இரும்புத் துணுக்கை வெளியே இழுக்கப் பெரிய மின்காந்தம் ஒன்றை 1892இல் அறிமுகப்படுத்தினார். பட்டறைகளில் சுத்தியலும் உளியுமாக வேலை செய்தவர்களுக்கு அது எத்தனை பெரிய வரம்! மாடுகளுக்கும் காந்தம் உண்டு. தீவனத்தோடு ஆணியும் கம்பியும் உள்ளே போனால் அது இரண்டாவது இரைப்பையைத் துளைத்து இதயம் வரை குத்திவிடலாம். அதனால் விரல் அளவுக் காந்தம் ஒன்றை மாட்டுக்கு விழுங்கக் கொடுத்துவிடுவார்கள். அது வயிற்றிலேயே தங்கி, வருகிற இரும்பையெல்லாம் தன்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆளையும் மாட்டையும் காப்பாற்றுகிற அதே குணம்தான் என் பைக்கையும் காப்பாற்றியது.

பத்திரமாக வைத்துக்கொள்ளச் சில விஷயங்கள். இந்த வகைக் காந்தம் கடினமானது, ஆனால் நொறுங்கும். மேலே பூசிய நிக்கல் பெயர்ந்தால் துருவேறும். சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் சக்தியை இழக்க ஆரம்பிக்கும். எனவே சூடான சைலன்சர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கரண்ட் ஓடுகிற போர்டுக்குள் ஒருபோதும் விடாதீர்கள். தண்டு முழுக்க உலோகம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைச் சட்டைப் பைக்குள் செருகக் கூடாது. காந்தம் கழன்று வந்தால் சின்னப் பிள்ளைகள் கைக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரிய ஆபத்தாகிவிடும். வேலை முடிந்ததும் நுனியில் ஒட்டியிருக்கிற இரும்புத் தூளை செல்லோ டேப்பால் ஒற்றி எடுத்தால் முகம் சுத்தமாகிவிடும்.

வாங்கும்போது கடையிலேயே முழுசாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவும் ஆடாமல் நிற்க வேண்டும். நுனியை ஏதாவது இரும்பு ரேக்கில் ஒட்டவைத்துப் பிய்த்துப் பாருங்கள். மட்டமானதில் காந்தம் பசையை விட்டு ரேக்கோடு போய்விடும். விளக்குக்குப் போடுகிற பட்டன் செல் எந்த அளவு என்று கேட்டு, கூடவே ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இருக்கவே இருக்கின்றன. மற்ற ஊர்களில் நல்ல ஹார்ட்வேர் கடையில் கேளுங்கள், இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். வருகிற ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற சாமான்களில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.